பழத்தட்டில் ஒரு கிரிவலம்

சென்னையில் இப்போது என் வீட்டுக்குக் கோடையில் யார் வந்தாலும் பழங்களை அழகாக அடுக்கித்தான் வைக்கிறேன். வந்தவர்கள் போட்டோ எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திருவண்ணாமலையில், வேங்கிக்கால் வீட்டில், முதன்முதலாக நான் அடுக்கிய தட்டை நினைத்தால் மனசு ஏங்கிப் போகிறது.

அப்போது நான் காலேஜ் கடைசி வருஷம். வீட்டில் சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்ட அக்கா, கணவரோடு முதல் தடவையாக வருவதாக இருந்தது. அப்பா அவளோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஓடியிருந்தது. அம்மாதான் அழுது அடம்பிடித்து அழைக்க வைத்தாள். "வரட்டும், சாப்ட்டுப் போகட்டும். என்னை மட்டும் பேசச் சொல்லாத" என்றார் அப்பா. அக்காவோ போனில், "இந்தத் தடவையும் அப்பா மூஞ்சி குடுத்துப் பேசலன்னா, இனிமே அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்டி" என்றாள். இருவரும் ஒரே அச்சு. சொன்னால் சொன்னதுதான்.

கை சும்மா இருந்தால் பயம் இன்னும் கூடும் என்று பழம் நறுக்க உட்கார்ந்தேன். வீடியோ பார்த்துத் தர்பூசணியில் அன்னப்பறவை செதுக்குவதாகத் திட்டம். பாதியிலேயே அன்னத்தின் கழுத்து முறிந்தது. வந்த கோபத்தில் எல்லாவற்றையும் துண்டு போட்டுப் பெரிய தாம்பாளத்தின் நடுவில் குவித்தேன். பார்த்தால் நம் மலை! மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தினமும் பார்க்கிற அதே மலை. பிறகு விடுவேனா? சுற்றிலும் பப்பாளித் துண்டுகளால் பாதை போட்டேன். கிழக்கே மாம்பழத்தில் ஒரு கோபுரம். பாதை நெடுக, திசைக்கு ஒன்றாக எட்டுக் கறுப்புத் திராட்சைகளைப் பல்குச்சியில் செருகி நட்டேன். அஷ்டலிங்கமும் ஆயிற்று.

"சாமியப் போயி குச்சில குத்துவாங்களாடி?" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"குத்தலம்மா, நிக்க வெச்சிருக்கேன்."

வந்தார்கள். அப்பா சுவரைப் பார்த்து "வாங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் புகுந்துகொண்டார். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வெயில் எப்படி, பஸ்ஸில் கூட்டமா என்று அம்மா கேட்ட கேள்விகளும் தீர்ந்துவிட்டன. அக்காவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் எழுந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய்த் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.

அக்காவின் கணவர், எனக்கு மாமா, ஓசூர்க்காரர். மலை சுற்றியதே கிடையாது. தட்டை ரசித்துப் பார்த்துவிட்டு, கோபுரத்துக்குப் பக்கத்தில் வடகிழக்கே இருந்த திராட்சையை எடுத்து வாயில் போட்டார். அது ஈசானிய லிங்கம், சுற்றி முடிக்கிற இடம். அடுத்து அவர் கை நேராக வடக்கே, குபேர லிங்கத்துக்குப் போனது.

"ஐயையோ, மாப்ள! அப்பிரதட்சணமா போறீங்களே!"

பேப்பர் கீழே கிடந்தது. அப்பா எழுந்து நின்றிருந்தார். அவர் கண் எப்போது பேப்பரை விட்டுத் தட்டுக்கு வந்ததோ, யாருக்கும் தெரியாது. பாவம் மாமா, வாயில் இருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று திருதிருவென்று முழித்தார்.

"தெரியாம எடுத்துட்டேங்க, மாமா."

"பரவால்ல, பரவால்ல." அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "இது கெழக்கு, இந்திர லிங்கம். இங்கருந்துதான் கெளம்பணும். மலை எப்பவும் நம்ம வலக்கைப் பக்கம் இருக்கணும். எடுங்க. அடுத்தது அக்னி. கூச்சப்படாதீங்க, பப்பாளி ஜாஸ்தியா இருக்கு, அதையும் எடுத்துக்குங்க."

மாமா பயபக்தியோடு ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு போனார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடக்கிற மனுஷர் அப்பா. வழியில் அடி அண்ணாமலையில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்பதுவரை சொல்லிக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மூச்சும் வந்தது.

வாயு லிங்கம் வந்தபோது அப்பா பேச்சை நிறுத்தி நிமிர்ந்தார். எதிரே இருந்த அக்காவைப் பார்த்தார்.

"என்னம்மா இப்படி எளச்சிட்ட? நீ ஒண்ணும் எடுத்துக்கலியா?"

அக்கா எழுந்துபோய் அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளையாட்டம் வாயைத் திறந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. அழுவதற்காகச் சமையலறைக்கு ஓடினேன். அம்மா எனக்கு முன்பே அங்கே நின்று அழுதுகொண்டிருந்தாள்.