வேட்டியோடு போன சாவி

ஆற்றுக்குப் போனது யார் யார் என்றால், நான். என் மச்சினன், அவளுக்குத் தம்பி. என் மகளைக் கட்டியவர், உசிலம்பட்டி மாப்பிள்ளை. கரையில் மந்திரம் சொல்ல ஓர் ஐயர். அப்புறம் அவள். என் வீட்டுக்காரி. கலயத்துக்குள், வாயில் மஞ்சள் துணி கட்டி, தம்பி மடியில் இருந்தாள்.

சமயநல்லூரிலிருந்து திருப்புவனம் வரைக்கும் நான்தான் வண்டி ஓட்டினேன். பள்ளம் மேடு வந்தால் மச்சினன் கலயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

வண்டி என் முதலாளியுடையது. ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர்கள் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார்கள், என்னிடம் தமிழ். அவள் செத்த அன்று அவரே சொன்னார், "கார எடுத்துக்க. பஸ்ஸுல கொண்டுபோகாத." வாங்கி ஏழு மாதம் ஆன வண்டி. அவர் எனக்குப் போட்ட சட்டம் ஒன்றுதான். சாவி உன் கையை விட்டுப் போகக் கூடாது. நானும் அப்படித்தான் இருந்தேன். பெட்ரோல் பங்க் என்றாலும் டீக்கடை என்றாலும் சாவி என் சட்டைப் பையில். கம்பெனியில் கொடுத்தபடி இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் கிடந்தன. ஒன்றைக் கழற்றி வீட்டில் வைக்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் தோடு அடகில் இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்தது. அவள் கடைசியாகப் பேசியது அதைத்தான். "தோட்ட மீட்டு மககிட்ட குடுத்துருங்க." சரி என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் ஏலம் என்று அடகுக்கடையிலிருந்து கார்டு வந்திருந்தது. வட்டியோடு ஆறாயிரத்து நூறு. சீட்டு எடுத்த பணம் ஆறாயிரத்து ஐந்நூறு என் பெட்டியில் இருந்தது. தீட்டோடு கடைப்படி ஏறக் கூடாது. பதினாறு கழிந்ததும் போகலாம் என்று இருந்தேன்.

ஆற்றில் டேம் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். முழங்காலுக்கு மேல் ஓடியது. சட்டையைக் கழற்றி வண்டிக்குள் போட்டுப் பூட்டினேன். சாவி கையில் இருந்தது. மாப்பிள்ளை கேட்டார்.

"மாமா, சாவியக் குடுங்க. நான் வச்சிருக்கேன்."

"இருக்கட்டும் மாப்ள."

வேட்டி நுனியில் சுற்றி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஐயர் சொன்னதைச் சொன்னேன். போடச் சொன்னதைப் போட்டேன். கலயத்தைத் தோளுக்குப் பின்னால் விட்டேன். மூன்று முறை முங்கினேன். மச்சினன் புது வேட்டியோடு படியில் நின்றான். கோடி வேட்டி கொண்டுவருவது பிறந்த வீட்டு முறை. ஐயர் சொன்னார், "கட்டினத அப்படியே ஆத்தோட விட்டுட்டு ஏறும். திரும்பிப் பாக்கப்படாது." அவிழ்த்து விட்டேன். புதுசைக் கட்டினேன். திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.

வண்டிக்குப் பக்கத்தில் வந்து இடுப்பைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். "சாவி எங்க மாமா?"

"வேட்டில."

அவர் ஆற்றுப் பக்கம் நடந்தார். மச்சினன் குறுக்கே போய் நின்றான்.

"எங்க போறீக?"

"வேட்டி கிடக்கான்னு பாத்துட்டு வாரேன்."

"அத எடுக்கப் போனா எங்கக்கா போகமாட்டா. பின்னாலயே வந்துருவா."

"வண்டி நிக்குது, சித்தப்பா."

"நிக்கட்டும்."

என்னைப் பார்த்தார்கள். நான் வண்டிப் பக்கம் திரும்பினேன். வண்டிக் கண்ணாடி வழியாக என் சட்டை தெரிந்தது. பஸ் காசும் அதில்தான். பிறகு மச்சினன் டிக்கெட் எடுக்க, பஸ் ஏறினோம்.

முதலாளி வீட்டுக்கு நேராகப் போனேன். தீட்டு இருந்ததால் கேட்டுக்கு வெளியே நின்று சொன்னேன். அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். பிறகு அவர் என்னிடம் கேட்டார்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

"சாப்ட்டியா?"

"ம்."

மறுநாள் காளவாசலில் சாவி போடுகிறவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ரோட்டோரம் குடை வைத்து உட்கார்ந்திருப்பார். பழைய வண்டிக்கெல்லாம் முப்பது ரூபாய்க்குச் சாவி அறுத்துக் கொடுத்தவர். கம்பியை விட்டுக் கதவைத் திறந்தார். சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஸ்டியரிங் பக்கம் குனிந்து பார்த்தவர் எழுந்துவிட்டார்.

"அண்ணே, இது என் சாமான் இல்ல. சாவித் தலைக்குள்ள சிப்பு இருக்கும். நான் ராவி ராவிப் போட்டுக் குடுத்தாலும் சாவி திரும்பும், வண்டி கிளம்பாது."

"ஏன்?"

"அதுக்கு ஆள் தெரியும்ணே. என் பொண்டாட்டிக்கு மேல. தெரியாத சாவின்னா வாயத் திறக்காது."

சொன்ன பிறகு என் மொட்டைத் தலையைப் பார்த்தார். கதவு திறந்த கூலியைப் பாதியாகத்தான் வாங்கினார்.

வண்டியைக் கட்டி இழுத்துக் கம்பெனி ஒர்க்ஷாப்பில் விட்டோம். இழுத்த காசு முதலாளி கொடுத்தார். அங்கே டை கட்டிய பையன் பேப்பரில் எழுதி எழுதிக் கூட்டினான். சாவி ரெண்டு. வண்டிக்குப் புதுச் சாவியைக் கம்ப்யூட்டர் வைத்துப் பழக்க ஒரு கூலி. மேலே வரி. ஏழாயிரத்து இருநூற்று ஐம்பது.

"ஒரு சாவி இருந்திருந்தா இம்புட்டு ஆகாதுண்ணே. பாதிகூட வராது," என்றான்.

"பழைய சாவி கிடைச்சா?"

"கிடைச்சாலும் ஆகாது. புதுசப் பழக்கும்போது பழசெல்லாம் வண்டிக்கு மறந்துரும். அதுதான் பாதுகாப்பு."

ஆர்.சி. புத்தகமும் முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதமும் கேட்டான். பணம் முழுதும் முன்னால் கட்டினால்தான் சாவிக்கு எழுதிப்போடுவேன் என்றான். வர பத்து நாள் ஆகும்.

முதலாளி பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் கடைக்கு ஆட்டோவில் போனார். ஆஸ்பத்திரிக்காக அவரிடம் ஏற்கெனவே மூன்று மாதச் சம்பளம் முன்பணம் வாங்கியிருந்தேன். இன்னொரு தடவை கேட்க வாய் வரவில்லை. அவரைக் கட்டச் சொல்லவும் வரவில்லை. வேட்டியில் முடிந்தது நான். ஆற்றில் விட்டது நான்.

மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்து ஆறாயிரத்து ஐந்நூறையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே நின்று நீட்டினேன். எண்ணவில்லை அவர்.

"இது ஏது?"

"சீட்டுப் பணம்."

"வேற எதுக்கும் வச்சிருந்தியா?"

"இல்ல."

"மிச்சத்த நான் போட்டுக்கிறேன்."

தோட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் கழிந்தது. சாவியும் வந்தது. மாதக் கடைசியும் வந்தது. மச்சினனிடம் கேட்டேன், இல்லை என்றான். இருந்திருக்காது. அடகுக்கடைக்குப் போய் இன்னும் ஒரு மாதம் தவணை கேட்டேன். ஏற்கெனவே ரெண்டு தடவை கொடுத்தாச்சு என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார்கள். எனக்கு வாசிக்க வராது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் முதலாளியை ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனேன். ராமநாதபுரம் ரோடு. திரும்பி வரும்போது திருப்புவனத்தில் ஓரங்கட்டினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஆற்றில் விடுகிற துணிகளை எடுத்துத் துவைத்து விற்கிறவர் ஒருவர் படித்துறைப் பக்கம் இருந்தார். கேட்டேன். எழுந்துபோய்ச் சாய்ப்புக் கொட்டகை ஆணியிலிருந்து வளையத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். இரண்டு சாவியும் இருந்தன.

"அன்னைக்கே கீழ நாணல்ல மாட்டிக் கிடந்துச்சு. ஐயருட்ட சொன்னேன். நீங்க வரல."

"யாரும் வரமாட்டாக."

"ஆமா. இங்க விட்டதக் கேட்டு யாரு வாரா. வேட்டி வேணுமா? நல்லா வெளுத்து வச்சிருக்கேன்."

"வேண்டாம்."

வண்டிக்கு வந்து கதவில் பழைய சாவியைப் போட்டுப் பார்த்தேன். பூட்டியது, திறந்தது. உட்கார்ந்து திருகினேன். சாவி திரும்பியது. சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை திருகினேன். முதலாளி பின் சீட்டிலிருந்து சொன்னார், "புதுசப் போடுப்பா." போட்டேன். கிளம்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் மாப்பிள்ளையோடு உசிலம்பட்டியிலிருந்து வந்தாள். சமைத்தாள். சாப்பிட்ட பிறகு கேட்டாள்.

"அப்பா, அம்மா தோடு?"

"ஏலத்துல போயிருச்சு."

"பணம் வச்சிருந்தீங்களே."

"சாவிக்குக் கட்டிட்டேன்."

அவள் தலை குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை எழுந்து வெளியே போனார். பெட்டியைத் திறந்து அடகு ரசீதை எடுத்து அவளிடம் கொடுத்தேன். கொடுக்க அதுதான் இருந்தது. அவள் பத்தாவது படித்தவள். மெதுவாக வாசித்தாள். என் பேர். ஊர். பொருள், கல் வைத்த தோடு ஒரு ஜோடி. எடை, ஏழு கிராம் எழுநூறு மில்லி.