பதினோரு ஜெராக்ஸ் கடைகளின் பட்டியல்

அவளைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் நாலு வரிக்குள் பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிட்டேன். நிதானமெல்லாம் எனக்கு வராது. அது எங்கள் அப்பாவோடு நின்றுவிட்ட குணம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபம் தெரிந்தால் தெரியட்டும்.

நாங்கள் இரண்டு பேரும் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் நாலு வருஷம் ஒரே பெஞ்சு. எனக்கு ஊர் குன்னத்துக்குப் பக்கத்தில். அவளுக்கு ஜெயங்கொண்டத்தையும் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே. படிப்பு முடிந்ததும் பெரம்பலூரிலேயே ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தோம். கீழே உரக்கடை, மாடியில் நாங்கள். அவள் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். சனிக்கிழமை ஆனால் என்னோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்ததும் அடுப்படிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிற உரிமை அவளுக்கு உண்டு. எங்கள் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவரும் என்னைப் பாப்பா என்பார், அவளைச் சின்னப் பாப்பா என்பார்.

எங்கள் ஆபீஸுக்கு இருந்த வேலைகளில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். இங்கே வெங்காயம் போடுகிறவர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்துகிறார்கள். நடவுக்கு முன்னால் நல்ல விதை வெங்காயம் கொடுப்பார்கள், டோக்கன் போட்டு. முன்பெல்லாம் குடோன் வாசலில் வரிசை. ஆள் நிற்க முடியாவிட்டால் செருப்பு நிற்கும், துண்டு நிற்கும், அதை எவனாவது நகர்த்திவிட்டால் சண்டை நடக்கும். அப்புறம் டோக்கனை ஆன்லைனில் கொண்டுவந்தார்கள். அந்த வெப்சைட்டைக் கட்டியது நாங்கள்.

முதல் தடவையே எவனோ புரோகிராம் எழுதி விட்டு, ஒரே இடத்திலிருந்து ஆயிரம் ஆள் கேட்கிற மாதிரி கேட்கவைத்து, வெப்சைட்டைப் படுக்கப் போட்டான். அதனால் வெப்சைட் ஓடுகிற கிளவுடில் ஒரு ஃபயர்வால் வைத்தோம். அது வாசலில் நிற்கிற வாட்ச்மேன்தான். யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று நாம் ரூல் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ரூலை ஒரு ஆள் உட்கார்ந்து கையால் போட்டுக்கொண்டிருந்தால், போட்டு முடிப்பதற்குள் திருடன் நாலு வாசல் மாறிவிடுவான். நான் அதைத் தானாக நடக்கும்படி எழுதினேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை என் புரோகிராம் வருகைப் பதிவைப் படிக்கும். ஒரே இணைய முகவரியிலிருந்து அளவுக்கு மீறிக் கேள்வி வந்தால், அந்த முகவரியை அதுவே எடுத்துத் தடுப்பு ரூலில் சேர்த்துவிடும். இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து எழுதியது. அன்றைக்கு எனக்கு இருந்த திமிரைப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் ஒத்திகையிலேயே அது எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையைத் தடுத்துவிட்டது.

காரணம் எங்கள் ஜனங்களின் வழக்கம். எங்கள் பக்கத்தில் யாரும் தனியாக உட்கார்ந்து டோக்கன் போடமாட்டார்கள். போனோடு ஒரு துண்டுச் சீட்டில் சர்வே நம்பரை எழுதி, ரப்பர் பேண்டு போட்டு, ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு ஆடு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். கடைக்காரர் நாற்பது போனையும் மேசையில் வரிசையாக அடுக்கிவைத்து, எந்தப் போனில் ஓடிபி வருகிறதோ அதைப் பார்த்துப் பார்த்து ஒரே கம்ப்யூட்டரில் அடித்துத் தள்ளுவார். இது என் புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? ஒரே முகவரி, நாற்பது பேர், பத்து நிமிஷம். திருடன் என்று முடிவுகட்டிவிட்டது.

அதனால் நான் ஊர் ஊராகப் போனேன். சிறுவாச்சூரிலிருந்து குன்னம் வரைக்கும் பதினோரு ஜெராக்ஸ் கடை. ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்து, அவர்கள் இணைப்பின் முகவரியைக் குறித்துக்கொண்டு வந்து, இவற்றைத் தொடாதே என்று ஒரு அனுமதிப் பட்டியல் சேர்த்தேன். முகவரி மாறினால் வாட்ஸாப்பில் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர்களும் ஒழுங்காகச் சொன்னார்கள்.

அப்பா இதற்கு வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஆன்லைன் என்றாலே ஆகாது. குடோனுக்கே போய்க் கேட்போம், வரிசையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வோம் என்று நின்றார்கள். அப்பா ஒவ்வொரு வீட்டுப் படியேறி, எம் பொண்ணு செஞ்சது, ஒரு கோளாறும் வராது, நான் இருக்கேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அதனால்தான் கேட்டுக்கொண்டார்கள்.

புரட்டாசி நடவுக்கு ஆவணியிலேயே டோக்கன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பதாக இருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என் மாமா பையனுக்குக் காதுகுத்து. நான் லீவு போட்டுவிட்டு, இருந்தாலும் இருக்கட்டும் என்று லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு பெரிய பார்ட்டி எங்கள் ஃபயர்வால் வேலையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்களுக்கு விளக்கிச் சொல்கிற பொறுப்பு அவளுக்கு. பிடித்துப்போனால் அவளைச் சென்னைக்கே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு இருந்தது. நான்தான் அவளுக்கு ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். எனக்குச் சென்னைமேல் ஆசை இல்லை, அவளுக்கு இருந்தது, போகட்டும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறேன், போன் அடிக்கிறது. அவள்தான்.

"உன் போனுக்கு ஒரு கோட் வரும், சொல்லுடி."

அவள் லாகினில் ரூல்களைப் பார்க்கத்தான் முடியும். மாற்றுவதென்றால் என் லாகின் வேண்டும். என் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். எனக்குக் காய்ச்சல் வந்த சமயம் நானே கொடுத்தது. ஆனால் உள்ளே போக என் போனுக்கு வருகிற ஆறு எண்ணும் வேண்டும். எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவள்மேல் சந்தேகப்படுவதுபோல் இருந்திருக்கும். வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஆறு எண்ணையும் படித்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் இருந்தேன். பத்து பத்துக்கு அப்பா கூப்பிட்டார். கடையில் திரை சிவப்பாக நிற்கிறது, அனுமதி இல்லை என்று வருகிறது என்றார். பட்டியலைத் திறந்தேன். பட்டியல் இல்லை. பதினோரு கடையில் ஒன்றுகூட இல்லை, அடியோடு துடைத்துவிட்டதுபோல. என் டைரியை எடுத்து, ஒவ்வொரு முகவரியாகத் திரும்ப அடித்து முடிக்கும்போது பத்தரை. அதற்குள் டோக்கன் தீர்ந்துவிட்டது. டவுனில் தனித்தனிப் போனில் போட்டவர்களுக்கெல்லாம் கிடைத்திருந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கும் கிடைக்கவில்லை.

மத்தியானம் சார் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டார். எங்கள் ஆபீஸ் அவருடையது, அதிகம் கத்தமாட்டார். கிளவுடில் யார் எதை மாற்றினாலும் பதிவாகும். அதைத் திறந்து திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அனுமதிப் பட்டியல் நீக்கம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், என் பெயர்.

நான் அவளைப் பார்த்தேன். சொல்லிவிடுவாள் என்று எனக்கு நூறு சதம் நம்பிக்கை. திட்டு வாங்குவோம், இரண்டு பேரும் சேர்ந்து வாங்குவோம், சாயங்காலம் டீ குடிக்கும்போது நான் அவளை நாலு கேள்வி கேட்பேன், அவ்வளவுதானே. அவள் தன் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது நான் இல்லை, கோட் கேட்டு போன் வந்தது, சொன்னேன் என்றேன். ஆனால் வீட்டில் இருந்து செய்தாலும் ஆபீஸ் இணைப்பு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், அதனால் யார் செய்தாலும் ஆபீஸ் முகவரிதான் பதிவாகும். லேப்டாப்பும் அன்றைக்கு என்னிடம்தான் இருந்தது. நான் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. யார் போன் பண்ணினார்கள் என்று சார் கேட்டார். நான் அவளைக் காட்டினேன்.

"காதுகுத்து எப்படிப் போகுதுன்னு கேக்கக் கூப்டேன் சார்," என்றாள் அவள். "அவ வேணும்னு செஞ்சிருக்க மாட்டா. விசேஷ வீட்டு அவசரத்துல கை பட்டு அழிஞ்சிருக்கும். அவளத் திட்டாதீங்க."

அடிப்பாவி. எனக்காகப் பரிந்து பேசிக்கொண்டே என் கழுத்தை அறுத்தாள். அதுவும் எவ்வளவு இதமான குரலில்! அந்தக் குரலில்தான் எங்கள் வீட்டில் ரசம் நல்லாருக்கு என்பாள்.

வெளியே வந்ததும் மாடிப்படியில் வைத்து அவளை மடக்கினேன். ஏன் எடுத்தாய் என்றேன். கையால் போட்ட பட்டியல் இருந்தால் எல்லாம் தானாக நடக்கிறது என்று சென்னைக்காரர்களிடம் எப்படிச் சொல்வது, அதனால் எடுத்தேன், சனிக்கிழமை திரும்பப் போட நினைத்தேன், மறந்துவிட்டேன் என்றாள். மறந்ததற்கு நான் அவளை மன்னித்திருப்பேன். இன்றைக்கும் மன்னிப்பேன். அதைச் சாரிடம் வந்து சொல் என்றேன். அப்போது அவள் கண் கலங்கியது, ஆனால் வாய் கலங்கவில்லை.

"உனக்கு இது சொந்த ஊரு. உன்ன மன்னிச்சிருவாங்க. எனக்கு இது போச்சுன்னா போச்சுடி."

மறுநாளே சார் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்து, பள்ளிக்கூட ஃபீஸ் சாஃப்ட்வேரில் போட்டார். என் புரோகிராம் அவள் பொறுப்புக்குப் போனது. பத்தாம் நாள் அவள் சென்னைக்குப் போனாள். பஸ் ஏறியதும் பத்திரமாக இரு என்று எனக்கு மெசேஜ் அனுப்பினாள்.

அப்பாவிடம் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன், கோட் விஷயம் உட்பட. அவர் வெங்காயத்தைச் சேமித்துவைக்கிற பட்டறையின் மூங்கில் தட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த வருஷம் அதற்குள் வைக்க ஒன்றும் வரப்போவதில்லை, ஆனாலும் சரிசெய்துகொண்டிருந்தார். நான் முடித்ததும் தட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சின்னப் பாப்பா மத்தியானமே போன் பண்ணுச்சு. அவ மேல கோவப்படாதீங்கப்பா, தெரியாம நடந்துருச்சுன்னு அழுதுச்சு. உன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொல்லல. நீ இப்புடி அது மேல தூக்கிப் போடுறியே பாப்பா."

வாதாடினேன். கத்தினேன். போனில் அவள் அழைப்பு வந்த நேரத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு அதைப் பார்த்தார். போன் வந்தது தெரிகிறது, என்ன பேசினீர்கள் என்று இதில் இல்லையே என்றார். என் அப்பா என்னை நம்பவில்லை. ஊருக்கெல்லாம் என்னை நம்பச் சொன்னவர்.

புதன்கிழமை காலையில் வண்டியை எடுத்தவர் என்னையும் ஏறச் சொன்னார். பஸ்ஸுக்கு விடப் போகிறார் என்று நினைத்தேன். ஜெராக்ஸ் கடை வாசலில் நிறுத்தினார். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், எல்லாம் எங்கள் தெருவுக்காரர்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. கடைக்காரர் மட்டும், மக்காச்சோளம் போட்டுக்கலாம் விடுங்கண்ணே, என்றார்.

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு எல்லாரையும் பார்த்து இரண்டு கையையும் குவித்தார்.

"நான் சொல்லித்தான் கேட்டீங்க. எம் பொண்ணு அவசரத்துல செஞ்சிட்டா. மனசுல வச்சிக்காதீங்க."

அவர் கோயிலில் தவிர வேறெங்கும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது இருக்கட்டும். அப்பா குவித்த கையை இறக்காமல், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பயந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க, நான்தான்," என்றேன்.

அப்பா கையை இறக்கினார்.