தாம்பூலத் தட்டில் ஜெர்மன் நகரங்கள்

திருச்செங்கோட்டில் நான் சரித்திர வாத்தியார். முந்நூறு வருஷங்களுக்கு முன் ஜெர்மனியில் நடந்த யுத்தம் எனக்குப் பிடித்த பாடம். படைக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத நகரங்கள் வெள்ளிக் காசில் செம்பைக் கலந்து அடித்தன. ஜனங்கள் காசைத் தட்டி ஓசை பார்த்துத்தான் வாங்கினார்கள். இதைச் சொல்லும்போது மேஜையில் ஒரு ரூபாயைச் சுண்டிக் காட்டுவேன். வகுப்பு சிரிக்கும்.

பிறகு நம் பங்குக்கும் ஒரு யுத்தம் வந்தது. சர்க்கார் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. அதில் பொறித்த ராஜாவின் முகத்தில் மட்டும் கம்பீரம் குறையவில்லை. பழைய ரூபாய்களெல்லாம் அடுக்குப் பானைகளுக்குள் போய் ஒளிந்துகொண்டன.

அந்தச் சமயத்தில்தான் என் மூத்த பெண்ணுக்கு மோகனூர்ப் பக்கத்து வரன் கூடிவந்தது. முன்பே இரண்டு தட்டிப்போனதில் எனக்குத் தூக்கம் போயிருந்தது. நிச்சயத்தன்று இரு வீட்டாரும் வெற்றிலை பாக்கோடு வெள்ளி ரூபாய் வைத்துத் தட்டு மாற்றுவது எங்கள் வழக்கம். பழைய ரூபாய்க்கு ஊரெல்லாம் அலைந்தும் கிடைக்காமல் புதியதையே வைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அம்மிக்கல்லில் போட்டார். ‘டப்’ என்றது.

“ஏனுங்க வாத்தியாரே, காச்சக்காரன் இருமறாப்புல இருக்குதுங்களே?”

சும்மா இருந்திருக்கலாம். நான் ஜெர்மனியிலிருந்து ஆரம்பித்தேன். யுத்தம் வந்தால் எந்த அரசும் இப்படித்தான் செய்யும், இதில் பாதிதான் வெள்ளி என்று ஆதாரத்தோடு நிரூபித்தேன்.

“அப்ப, தெரிஞ்சேதான் வெச்சீங்களா?”

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். உள்ளறையில் என் பெண்ணின் வளையல் சத்தம் நின்றுபோனது. அடுத்து எந்த நகரத்தைச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி வந்தாள். அவர்கள் தட்டிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து அதே அம்மியில் போட்டாள். அதே ‘டப்’.

“உங்க ஊட்டு ராசாவுக்கும் அதே காச்சலாட்ட இருக்குதுங்ணா.”

தாய்மாமன் வெற்றிலையை மெதுவாக மென்று முடித்தார். “செரீங்க. ரெண்டு ஊட்லயும் ஒரே சீக்கு. தட்ட மாத்துங்க.”

மாற்றும் அவசரத்தில் நான் தட்டைச் சாய்க்க, பாக்கு இரண்டு உருண்டோடின. இந்த வரனும் தட்டிப்போகுமோ என்ற பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மறுநாள் வகுப்பில் ஜெர்மனிப் பக்கம் வந்தது. பரீட்சைக்கு வராது என்று சொல்லிப் புரட்டிவிட்டேன். கல்யாணம் தை மாதம். கழுத்தில் தாலி ஏறும்வரை அந்த நகரங்கள் யுத்தமில்லாமலே இருக்கட்டும்.