டிரம்முக்குள் அலங்கு, தட்டில் வௌவால்

“…மீனு மாதிரி செதிலு இருக்கு, ஆனா மீனு இல்லைங்கிற. குருவி மாதிரி பறக்குது, குருவியும் இல்லைங்கிற. உங்க டீச்சர் என்னதான் ஆத்தா சொல்றாக?” என்று என் நோட்டைக் கண்ணுக்கருகே பிடித்தபடி கேட்டார் பெரியப்பா.

எனக்கும் அதுதான் புரியவில்லை. இரண்டும் பாலூட்டியாம். அதிலும் அலங்கை, அதாவது எறும்புத்தின்னியைக் கொன்றால் சட்டப்படி குற்றமாம். வௌவாலை யாரும் கேட்பதில்லையாம். நம் ஊரில் உள்ள இரண்டு உயிர்களை ஒப்பிட்டு, என்ன இனம், எங்கே வாழும், கொல்லலாமா கூடாதா என்று எழுதிவரச் சொல்லியிருந்தார் டீச்சர். நான் எங்கேயும் அலையவில்லை. இரண்டும் எங்கள் வீட்டிலேயே இருந்தன. ஆற்றங்கரை மருதமரத்தில் தொங்கிய வௌவால், பெரியப்பாவின் மூச்சிளைப்புக்கு மருந்தாகப் பெரியம்மா கையால் வறுபட்டு அவர் தட்டில் இருந்தது. திராட்சைத் தோட்டத்துப் புற்றோரம் பிடித்த அலங்கு, கொல்லையில் தகர டிரம்முக்குள் பந்தாகச் சுருண்டு கிடந்தது. அதன் செதிலைக் கொடுத்தால், இளைப்பை அடியோடு நிறுத்தும் லேகியம் தருவதாக மலையாளத்து வைத்தியர் ஒருவர் சொல்லியிருந்தார். பொழுது சாய்ந்ததும் அலங்கை வாங்கிப்போக அவருடைய ஆள் வருவார். அந்த லேகியத்தை நம்பித்தான் பெரியப்பா பத்து நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

‘வாழிடம்: கரையான் புற்று. தற்சமயம் எங்கள் டிரம்’ என்று எழுதியிருந்ததை வாசித்துச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. அடுத்த வரிக்கு வந்ததும் குரல் இறங்கியது.

“வயித்தோட அணைச்சுக் குட்டிய சுருட்டி வச்சிருக்குன்னு எழுதிருக்க. பாத்தியா?”

“வாலு மட்டும் தெரிஞ்சுச்சு பெரியப்பா. அம்மைய விடமாட்டேங்குது.”

அவர் நோட்டை மூடினார். பேச்சு நின்றுவிட்டதே என்று, வௌவாலும் குட்டியை நெஞ்சில் கட்டிக்கொண்டேதான் பறக்குமாம் என்று டீச்சர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

சட்டத்தைச் சொல்லி மனுசனைப் பயங்காட்டிவிட்டேன் என்று பெரியம்மா அன்று முழுக்க என்னைத் திட்டினார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் பயந்தவர் வேகமாக அல்லவா போயிருக்க வேண்டும்?

பெரியப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். டிரம்மைச் சாய்த்து அலங்கைச் சாக்கில் வாங்கி, சைக்கிள் கேரியரில் தன் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்தார். பிறகு நாலடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கியபடி, சைக்கிளில் ஏறாமல், மலைக்காட்டுப் பக்கம் மெல்ல உருட்டிக்கொண்டே போனார்.