அம்மாவுக்கு ஆறு பட்டன்

அரசு அலுவலகத்துக்கு எழுத்து மூலம் வந்த கேள்விக்கு முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால், கேள்வி கிடைத்தது என்றாவது தெரிவிக்க வேண்டும். இந்த விதியைப் பிறருக்கு நினைவூட்டியே பணிக்காலத்தைக் கழித்து, இப்போது விருப்ப ஓய்வும் பெற்றுவிட்டேன். எட்டாம் வகுப்பில் நான் கேட்ட கேள்வியை மட்டும் இந்த விதி காப்பாற்றவில்லை.

அப்போது ஆந்திராவில், புத்தூரில் இருந்தோம். அம்மா திருத்தணிப் பக்கத்துக்காரி. மணமாகி இத்தனை வருடமாகியும் திருப்பதி பஸ் நிலையத்தில் போர்டைப் பார்த்துச் சொல்ல என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். அந்த வருடம் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, சில மாதம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சைகையில் தண்ணீர் கேட்டால் நைனா விசிறியைக் கொண்டுவருவார்.

கம்ப்யூட்டர் சென்டரில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா பேசுவதற்கு அதில் ஒரு ஜன்னல் செய்ய நினைத்தேன். பட்டனை அமுக்கினால் மணியடித்து, வேண்டியது பெரிய எழுத்தில் தெரியும். பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் தெரியும். ஆனால் ஜன்னலும் பட்டனும் வரைய ஒரு கருவித்தொகுப்பு வேண்டும். பைத்தானோடு கூடவே வரும் டிகின்டரின் பட்டன்கள் சிமெண்டுச் சுவர் நிறம். இன்னொரு தொகுப்பில் அவை பளபளத்தன. எது நல்லது என்று பங்குனி மாதத்தில் பிரவுசிங் சென்டரிலிருந்து ஓர் இணையக் குழுவுக்கு எழுதினேன். பதில் இல்லை. பளபளப்பையே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஜன்னல் திறப்பதற்குள் அம்மா எழுந்துபோய்த் தானே தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். திருப்பதியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன் அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னா பாப்பா, கட்டை வண்டிக்கு லாரி இன்ஜின் மாட்டிக்கினு கீறே? இந்த மெஷினுக்கு டிகின்டரே ஜாஸ்தி. அவசரத்துக்குத் தொறக்க வாணாமா?"

அழுதேன். பிறகு டிகின்டரில் மாற்றி எழுதினேன். ஜன்னல் உடனே திறந்தது. தண்ணீர், சோறு, மாத்திரை, விசிறி, வலி, நைனா என்று ஆறு பட்டன். வீட்டில் தமிழ் பேசினாலும் எனக்கு எழுதத் தெரிந்தது பள்ளியில் கற்ற தெலுங்குதான். எனவே பட்டன்களிலும் தெலுங்கு.

அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சாப்பிட்ட கையோடு 'சோறு' என்று மணியடிப்பாள். தட்டோடு ஓடுவேன். "இப்பத்தானே துன்னா!" என்பார் நைனா. மழை நாளில் விசிறி கேட்பாள். ஒருநாள் 'வலி' வந்தது. நைனா செருப்புக்கூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார். அம்மாவோ சிரித்துக்கொண்டிருந்தாள். எதைக் கொண்டுபோனாலும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வாள். நிரலில்தான் பிழை என்று வரிவரியாகத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

அம்மாவுக்குக் குரல் திரும்பி, நைனாவைத் திட்டவும் தொடங்கிய பிறகு அந்தக் குழுவிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். எந்தத் தொகுப்பானாலும் சரி, பயன்படுத்தப் போகிறவரை உட்காரவைத்துப் பட்டன்களைப் படிக்கச் சொல்லிப் பார்த்தாயா என்று கேட்டிருந்தார். வீட்டுக்கு வந்து தமிழில் சொன்னேன். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"படிச்சா இன்னா, படிக்காட்டி இன்னா? எத அமுக்கினாலும் நீ ஓடியாந்தியே."

எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. தெருவில் திருத்தணிக்குக் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. பதில் வந்தது ஆடிக் கிருத்திகை அன்று.