லிந்துலையில் ஒரு பெரட்டு

பிப்ரவரி 3, மாலை. தலவாக்கலையில் ரயிலை விட்டு இறங்கினேன். லிந்துலைக்கு ஆட்டோ எண்ணூறு ரூபாய் என்றார் ஓட்டுநர். குளிரில் பேரம் பேச வாய் எழவில்லை. கடைத்தெரு முழுக்கச் சிங்கக் கொடிகள். மறுநாள் இலங்கையின் சுதந்திர தினம்.

திருச்சிக்காரியான என்னை அழைத்திருந்தவர் தூரத்து உறவான செல்வராணி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். வருஷாவருஷம் ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்த்த தோட்டத்துப் பெண்களுக்கு இந்த முறைதான் ஊர்வலத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அந்த வரிசைக்கு அவர்தான் தலைவி. "ஊரே பாக்கும்க்கா. மானம் போயிறக் கூடாது" என்று சிவப்புச் சேலையை இஸ்திரி போட்டபடியே சொன்னார்.

காலை 7.45. டவுன் மைதானத்தில் போலீஸ் இருந்தது, பள்ளிக்கூட பேண்டு இருந்தது. எங்கள் வரிசையில் செல்வராணியும், கணக்கில் சேராத நானும்தான். அப்போது தோட்டத்திலிருந்து அவர் கணவர் ராஜு போனில் கத்தினார்.

"எல்லாரும் பெரட்டுக்களத்துல நிக்கிறாங்க புள்ள! கூடையோட!"

செல்வராணி தலையில் கை வைத்துக்கொண்டார். தோட்டத்தில் பெரட்டு என்றால், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம். வெள்ளைக்காரன் விட்டுப்போன 'பரேட்' அங்கே பெரட்டாகிவிட்டது. ஊர்வல ஏற்பாட்டாளர் முந்தின நாள் போனில் "எட்டு மணிக்குப் பரேட்" என்று சொல்ல, இவரும் "எட்டு மணிக்குப் பெரட்டு" என்று எல்லாருக்கும் சேதி அனுப்பியிருக்கிறார். ஊர்வலம் போச்சு, லீவு நாளிலும் வேலைதான் என்று அவர்களும் நொந்தபடி கிளம்பியிருக்கிறார்கள்.

"என் வாய்தான்க்கா எனக்கு எதிரி" என்று அழுதேவிட்டார்.

8.20. ராஜு அவர்களை ஏற்றிவிட்ட லாரி வந்தது. ஒன்பது பெண்கள், இடுப்பில் மழைக்குக் கட்டும் படங்கு, முதுகில் கூடை, பழைய சட்டை. ஏற்பாட்டாளர் முகம் சுளித்தார்.

"இந்தக் கோலத்துலயா போகப்போறீங்க?"

செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெனமும் இப்புடித்தாங்க போறோம். சேலை மாத்துற வரைக்கும் ஊர்வலத்த நீங்க நிப்பாட்டி வைப்பீங்களா?"

ஏற்பாட்டாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு பேண்டுக்குச் சைகை காட்டினார். பேண்டு முழங்கியது, நடந்தார்கள்.

மேடைக்கு முன்னால்தான் வினை. வரிசையாக ஆட்கள், எதிரே பெரியவர்கள்; பழக்க தோஷத்தில் ஒன்பது பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பெயர் கூப்பிடாமல் பெரட்டில் யார் நகர்வார்கள்? பின்னால் வந்த பேண்டு முட்டிக்கொண்டது. "போங்க, போங்க" என்று ஏற்பாட்டாளர் கையை ஆட்டினார்.

முன்னால் போன செல்வராணி திரும்பி நின்றார். பெரட்டில் பெயர் கூப்பிடும் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை போலவே குரலை உயர்த்தினார்.

"பார்வதி!"

"இருக்கேங்க!"

"மல்லிகா!"

"இருக்கேன்!"

ஒன்பது பெயர்களும் அந்தக் கடைத்தெருவில் ஒலித்தன. கடைசியில், "இன்னைக்கு யாருக்கும் வேல கெடையாது. நடங்க!" என்றார். ரோட்டோரக் கூட்டம் விசிலடித்தது. எனக்குக் கண் கலங்கியது. மறைக்க என்ன இருக்கிறது.

மாலை 6.30. தூறலோடு வாணவேடிக்கை. பாதி வெடித்தது, பாதி நமுத்துப்போனது. எங்கள் ஊரிலும் ஆண்டுதோறும் அணிவகுப்பு பார்த்திருக்கிறேன். நடந்து போன ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு, மனதில் உறுத்திய ஒன்றைக் கேட்டேன்.

"எல்லார் பேரும் வந்துச்சு. உங்க பேரை மட்டும் யாரும் கூப்பிடலையே?"

செல்வராணி வானத்தை விட்டு என்னைப் பார்த்தார்.

"இருவது வருசமா எம்பேரத்தான் கூப்புடுறாங்கக்கா. இன்னைக்குக் கூப்புட்டது நானு."