சத்தம் போடாதவர்

எங்கள் நிறுவனத்தில் கூட்ட அறைகளுக்கு நாற்காலி போடுகிறவரை எல்லோரும் நாற்காலி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நாளைக்கு எந்த மாடியில், எந்த அறையில், எத்தனை பேர் உட்காரப் போகிறார்கள் என்று பார்த்து, முந்தின நாள் சாயங்காலமே நாற்காலி, திரை, தண்ணீர் எல்லாம் வைத்துவிட்டுப் போவது அவர் வேலை. நான் சேர்ந்து சில மாதம் ஆகியும் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வைத்தது நான் செய்த ஒரு காரியம்.

பள்ளி முடித்ததும் நான் இங்கே பழகுநராகச் சேர்ந்தேன். வாரத்தில் நான்கு நாள் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை, ஒரு நாள் கல்லூரி வகுப்பு. படிப்புச் செலவு நிறுவனத்துடையது. முடிவில் பட்டமும் உண்டு. எங்கள் பெரியப்பாவுக்கு இந்த ஏற்பாடு பிடிபடவே இல்லை.

"படிக்கிறியா, வேலைக்குப் போறியா? ஏதாவது ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டும்தான் பெரியப்பா."

"அப்ப ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு சொல்லு."

எனக்கோ இரண்டு காலும் ஒரே இடத்தில் இருந்தால் தூக்கம் வந்துவிடும். வகுப்பில் கேட்டதை மறுநாளே கைவைத்துப் பார்க்க முடிகிற இந்தப் படிப்பு எனக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை, வேலையில் செய்து முடித்ததை அறிக்கையாக எழுதிக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் அதற்குத்தான்.

எனக்கு முதலில் கொடுத்த வேலை, பழைய கம்ப்யூட்டர் இயந்திரம் ஒன்றைக் கழற்றுவது. கீழ்த்தளத்துக் குளிர் அறையில், புதிய இயந்திரங்களுக்கு நடுவே, அழுக்கு வெள்ளையில் அது ஒன்று மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. அதில் என்ன ஓடுகிறது, யாருக்காக ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் எல்லாம் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்கள். "இதை நிறுத்தப் போகிறோம், தேவைப்படுபவர்கள் சொல்லுங்கள்" என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். பதிலே வரவில்லை.

"மெயிலை எவன் படிக்கிறான்?" என்றார் எங்கள் குழுத் தலைவி. "வயரைப் புடுங்கிடு. யாருக்கு வலிக்குதோ அவங்க கத்துவாங்க. கத்தினா திரும்பச் சொருகிடலாம். கத்தலைன்னா கழட்டிடலாம்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, பெரிய நிறுவனங்களில் இது நடைமுறையே. வயரைப் பிடுங்கிவிட்டுச் சில நாள் காத்திருந்தேன். யாரும் கத்தவில்லை. 'இந்த இயந்திரத்தைப் பயன்படுத்துவோர்: யாருமில்லை' என்று அறிக்கையில் எழுதினேன். மறுநாள் காலையில் ஆட்கள் வந்து அதைக் கழற்றி எடுத்துப் போவதாக ஏற்பாடு.

அன்று சாயங்காலம் எங்கள் மேசைக்கு ஒரு நாற்காலி குறைந்தது. எடுத்து வர மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறைக்குப் போனேன். அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு நடுவே நாற்காலி அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு அறையாகத் திரையில் திறந்து பார்த்து, அதன் முன்பதிவைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். கட்டடம் முழுக்க எத்தனை அறை! எனக்குப் பார்க்கவே கை வலித்தது.

"என்னண்ணா, கையால எழுதுறீங்க?"

"முன்னெல்லாம் சாயங்காலம் பிரிண்டர்ல ஒரு தாள் தானா வந்துடும்மா. மாடி வாரியா, அழகா இருக்கும். கொஞ்ச நாளா வர்றதில்ல. பரவால்ல."

எந்த நாளிலிருந்து வரவில்லை என்று கேட்டேன். நான் வயரைப் பிடுங்கிய நாளேதான்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"மேல இருக்கறவங்க நிறுத்திட்டாங்கன்னு நெனச்சேன். காரணம் இல்லாமலா நிறுத்துவாங்க?"

அப்போது அவர் ஃபோன் அடித்தது. கையில் பேனா இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அவர் மனைவி ஒரு மருத்துவமனையில் இரவுப்பணி செவிலியர்.

"இன்னிக்கும் லேட்டா?" என்றது குரல்.

"ஆமா. நீ சாப்பிட்டுட்டுக் கெளம்பு."

"நீங்க வீட்டுக்கு வர்றதுக்கும் நான் டூட்டிக்குக் கெளம்புறதுக்கும் நடுவுல இருக்கறதே ஒரு மணி நேரம். அதுவும் போச்சு. ஃபோனைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு எனக்கு. அந்தத் தாளைப் பத்திக் கேட்டீங்களா இல்லியா?"

"கேக்கலாம், கேக்கலாம்."

"நீங்களா? முடி வெட்டுறவர் காதைச் சேத்து வெட்டினாலும் 'பரவால்ல, நல்லாருக்கு'ன்னு காசு கொடுத்துட்டு வர்ற ஆளு நீங்க."

அவர் என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்துக்கொண்டே ஃபோனை வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சிரைக்க மாடியேறிப் போய்க் குழுத் தலைவியிடம் சொன்னேன்.

"நீ சொன்னா செல்லாதும்மா," என்றார் அவர். "பயன்படுத்துறவர் புகார் போடணும். ஒரு வரி போதும், இப்பவே வயரைச் சொருகிடலாம். நாளைக்குக் காலையில கழட்டிட்டாங்கன்னா அப்புறம் பிரம்மாவாலயும் முடியாது."

திரும்பக் கீழே ஓடினேன்.

"அண்ணா, ஒரே ஒரு புகார் போடுங்க."

"புகாரா? எதுக்கும்மா வம்பு. அந்த வேலையைச் செஞ்சவங்களுக்குக் கெட்ட பேர் வரும்."

"செஞ்சது நாந்தாண்ணா."

"அப்படின்னா சத்தியமா போட மாட்டேன். சின்னப் பொண்ணு, இப்பத்தான் சேந்திருக்கே."

கெஞ்சினேன். எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். கடைசியில் எனக்காக ஒத்துக்கொண்டு, இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் அனைவரும் செய்துவரும் சேவைக்கு மிக்க நன்றி. இங்கு எல்லாம் நல்லபடியாக நடக்கிறது.' அதோடு நிறுத்திவிட்டார்.

"அண்ணா, இது புகார் இல்ல, வாழ்த்து மடல்."

"இதுக்கு மேல எனக்கு வரலம்மா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. புகாரில் இயந்திரத்தின் எண்ணைக் குறிப்பிட வேண்டும். அதைப் பார்ப்பதற்காக என் அறிக்கையை அவருடைய திரையிலேயே திறந்தேன். எண்ணுக்குக் கீழே இருந்த வரியில் அவர் கண் நின்றது. உதடு அசைய இன்னொரு முறை படித்தார்.

"பயன்படுத்துவோர், யாருமில்லையா?"

"மெயில் போட்டுக் கேட்டேன். யாரும் பதில் சொல்லலை. அதான் அப்படி..."

"யாருமில்லைன்னா என்ன அர்த்தம்? நான் ஒருத்தன் இருக்கேன்ல?" அவர் எழுந்தார். "ஏழு மாடிக்கும் தினம் நாற்காலி தானா நடந்து போய் உக்காருதா? நேத்து மூணாவது மாடியில அத்தனை பேர் வந்தாங்களே, தரையிலயா உக்காந்தாங்க? நான் இங்க ஆளாவே இல்லியா?"

முதுகு பட்டு அடுக்கிலிருந்த நாற்காலி ஒன்று சரிந்து விழுந்தது. வாசலில் போய்க்கொண்டிருந்த இருவர் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர் அவர்களைக் கவனிக்கவே இல்லை. உட்கார்ந்து, வாழ்த்து மடலை அழித்துவிட்டு, தட்டினார்: 'அந்த இயந்திரத்தை நான் பயன்படுத்துகிறேன். தினமும். அது எனக்கு வேண்டும்.' ஐயா இல்லை, நன்றி இல்லை. அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் அதிகமாப் பேசிட்டனோ?"

"கொஞ்சம்கூட இல்லண்ணா."

அன்றைக்கே வயரைச் சொருகினோம். மூலையிலிருந்த பிரிண்டர் முனகிக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. மறுநாள் சாயங்காலம் நான் லிஃப்டிலிருந்து வெளியே வரும்போது நாற்காலி அண்ணன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பேருந்து வந்ததும் ஓடினார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

என் அறிக்கையைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. பழைய இயந்திரத்தை எப்படியும் ஒருநாள் கழற்றத்தான் வேண்டும் என்பதால், அதே தாளை அடித்துக் கொடுக்கும் புது நிரலை எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. மற்ற பழகுநர்கள் மொபைல் ஆப் செய்யும் குழுவுக்கு மாறிப் போனார்கள். நான் இன்னும் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். "பட்டம் படிக்கப் போன பொண்ணு பந்திக்கு எலை போடுறா" என்கிறார் பெரியப்பா. சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. நான் எழுதும் நிரல் யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆளும் இப்போது சும்மா இருப்பதில்லை. வாரத்துக்கு ஒரு புகாராவது வருகிறது. 'எழுத்து சிறியதாக இருக்கிறது.' 'ஐந்தாவது மாடி நான்காவதற்கு முன்னால் வருகிறது, நான் என்ன பறந்தா போவேன்?' போன வாரம் வந்தது இது: 'நேற்று தாள் தாமதமாக வந்தது. வீட்டில் ஆள் காத்திருக்கிறார்.'

கையிலிருந்த மற்ற வேலைகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் அதைச் சரிசெய்தேன்.